ஒரே கேழ்வரகு, ஆளுக்கொரு பக்குவம்

கேழ்வரகு உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாருடைய உடம்புக்கு, எந்தப் பக்குவத்தில் என்று கேட்டால் சரியான பதில் கிடைப்பதில்லை. நான் தர்மபுரி மாவட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டில் வயதான மாமியார், சர்க்கரை நோய் உள்ள கணவர், பள்ளிக்குப் போகும் மகன், கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகள். நாத்தனாரும் கைக்குழந்தையுடன் அடிக்கடி வந்து தங்குவார். எல்லோருக்கும் கேழ்வரகு கொடுக்கிறேன், ஆனால் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. முளைகட்டினால் ஒன்று, புளிக்க வைத்தால் ஒன்று, கல்லில் சுட்டால் ஒன்று என்று பக்குவத்துக்கு ஏற்ப அது வேறு வேறு உணவாகிவிடுகிறது. கேழ்வரகு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பொருந்தாத பக்குவத்தில் சாப்பிட்டவர்களாக இருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

முதலில் சத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட சத்து அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. கோதுமையில் 40-ஐ ஒட்டி இருக்கிறது. இரும்புச்சத்து நாலரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். புரதம் 7 கிராம்தான். எனவே பருப்போ பாலோ வேர்க்கடலையோ துணைக்கு வேண்டும். மாவுச்சத்து 67 கிராம். சர்க்கரை நோயாளிகள் இந்தக் கடைசி எண்ணை மறக்கக் கூடாது.

இந்த எண்களை டம்ளர் அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. ஒரு டம்ளர் கஞ்சிக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவு, அதாவது ஏறக்குறைய 20 கிராம் போடுகிறோம். அதில் கிடைக்கும் கால்சியம் 70 மில்லிகிராம் சொச்சம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று சொல்லப்படுவது 1,000 மில்லிகிராம். ஆக, காலையில் ஒரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு எலும்பு பலப்பட்டுவிடும் என்று நிம்மதியாக இருக்க முடியாது. இரண்டு அடைக்கு 80 கிராம் மாவு பிடிக்கிறது. அதில் 290 மில்லிகிராம் வரை கால்சியம். குடிப்பதைவிடக் கடித்துச் சாப்பிடும்போதுதான் மாவு அதிகமாக உள்ளே போகிறது. சாப்பிட்டது அத்தனையும் உடம்பில் சேர்ந்துவிடுவதும் இல்லை. கேழ்வரகின் தோலில் உள்ள ஃபைட்டேட், டானின் போன்றவை கால்சியத்தையும் இரும்பையும் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்க வைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. நம் ஊர்ப் பெரியவர்கள் செய்துவந்த ஒவ்வொரு பக்குவமும் இதில் ஏதோ ஒன்றைச் செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கும்.

முளைகட்டிய மாவுக்குத் தானியமாகத்தான் வாங்க வேண்டும். நாங்கள் வாரச்சந்தையில் வாங்குகிறோம். எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் 2023-ல் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவும் வீட்டுக்கு வந்தது. எங்கே வாங்கினாலும் மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும். முறத்தில் புடைத்தால் தூசியும் உமியும் போகும், கல் போகாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, கையால் சுழற்றிச் சுழற்றி, மிதந்து எழும் தானியத்தைத் தண்ணீரோடு இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்க்க வேண்டும். கல் அடியில் தங்கிவிடும். அரித்த தண்ணீர் தெளிவாகும்வரை இதைத் திரும்பச் செய்வேன். இதில் சோம்பல்பட்டால் அடையைக் கடிக்கும்போது நறநறவென்று பல்லில் தட்டும். அதன்பிறகு அந்த வீட்டில் எந்தக் குழந்தையும் கேழ்வரகைத் தொடாது.

அரித்ததை இரவு முழுவதும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைக்கிறேன். நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது நல்லது, இல்லையென்றால் வெயில் காலத்தில் புளித்த வாடை வந்துவிடும். காலையில் வடித்து, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, வடிதட்டில் வைத்து மூடிவிடுவேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரே நாளில் முளை எட்டிப் பார்க்கும். மார்கழியில் இரண்டு நாள் எடுக்கும். துணியைப் பிரிக்கும்போது செங்கல் நிறத் தானியத்தின் நுனியில் வெள்ளை வெளேரென்று முளை நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று பின்னி, அடையாகத் தூக்க வரும். மழை பெய்த மண்ணும் லேசான இனிப்பும் கலந்த வாசனை வரும். அந்த வாசனைதான் சரியான அடையாளம். கொழகொழப்போ புளித்த நெடியோ இருந்தால், அல்லது பூஞ்சணம் ஒரு ஓரத்தில் தெரிந்தாலும், கழுவிப் பயன்படுத்த முயல வேண்டாம். மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

முளைத்ததை உதிர்த்து, துணியில் பரப்பி, நிழலில் காற்றோட்டமாகக் காயவிட்டு, கடைசியில் கொஞ்ச நேரம் வெயில் காட்டுகிறேன். நன்றாகக் காய்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் முளை உதிர்ந்துவிடும். முறத்தில் புடைத்து ஊதிவிடலாம். நீண்ட முளை அப்படியே அரைபட்டால் மாவு லேசாகக் கசக்கும். பிறகு அடிகனமான வாணலியில், சிறுதீயில், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வறுக்க வேண்டும். ஒன்றிரண்டு தானியம் பொரிந்து வாசனை தூக்கியதும் இறக்கிவிடுவேன். வறுக்கும்போது ஒரு கை அளவு தானியத்தை வறுக்காமல் தனியே எடுத்து வைத்துக்கொள்கிறேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மில்லுக்குக் கொண்டுபோகும்போது முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். மிளகாயோ மல்லியோ அரைத்த கையோடு நம் கேழ்வரகைக் கொட்டினால் குழந்தைக்குக் கஞ்சி கொடுக்க முடியாது. அரிசியோ கோதுமையோ அரைத்தபின் கொடுங்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும். அதைச் செய்தித்தாளில் பரப்பாமல் சுத்தமான வெள்ளைத் துணியில் ஆறவிட்டு டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கேழ்வரகில் கொழுப்பு குறைவு, அதனால் கம்பு மாவைப்போலச் சீக்கிரம் கசந்துபோவதில்லை. ஆனாலும் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்கிறேன். தானியமாக இருக்கும்வரை பூச்சி அதிகம் அண்டாமல் நெடுநாள் கிடக்கும், மாவாகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

சலிப்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கைக்குழந்தைக்கு என்றால் மெல்லிய துணியில் சலிக்கலாம். அடைக்கும் களிக்கும் சலிக்கவே கூடாது. கேழ்வரகின் கால்சியத்திலும் நார்ச்சத்திலும் பெரும்பங்கு தோலில் இருக்கிறது. நிறம் வெளுப்பாக வர வேண்டும் என்று சலித்துச் சலித்துத் தவிட்டைக் கோழிக்குப் போட்டால், சத்தெல்லாம் கோழிக்குத்தான் போகும்.

மகனுக்குக் காலையில் கொடுக்கும் கஞ்சி இப்படி: இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மாவை நேராகத் தூவினால் மேல்மாவு உடனே வெந்து உறையாகி, உள்ளே பச்சை மாவு மாட்டிக்கொள்ளும். எவ்வளவு கிளறினாலும் அந்தக் கட்டி கரையாது. கரைத்த மாவை அடுப்பில் வைத்து, சிறுதீயில் கை விடாமல் ஆறேழு நிமிடம் கிளறினால் வெளிறிய நிறம் போய்க் கருஞ்சிவப்பாகிப் பளபளப்பு வரும். பச்சை வாசனை அடங்கியிருக்கும். அரைகுறையாக வெந்த கஞ்சிதான் வயிற்றைப் பிசையும். இறக்கியபின் காய்ச்சிய பாலும் வெல்லமும் சேர்ப்பேன். வெல்லத்தை அடுப்பில் கொதிக்கும் பாலோடு போட்டால் திரிந்துபோக வாய்ப்புண்டு, ஆகவே எப்போதும் இறக்கியபின்தான். ஏலக்காய் சிட்டிகை போதும். பால் அரை டம்ளர் சேர்ந்தால் கால்சியமும் இன்னொரு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடிவிடுகிறது.

முன்பு கடையில் டின்னில் வரும் சத்துமாவு பானம் வாங்கிக்கொண்டிருந்தோம். டின்னின் பின்புறம் பொருட்களின் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. அதைத் தெரிந்துகொண்டபின் நான் அட்டைப்படத்தைப் பார்ப்பதில்லை, பட்டியலின் முதல் இரண்டு பெயர்களைத்தான் பார்க்கிறேன். கேழ்வரகுப் படம் போட்ட டப்பாவில் சர்க்கரை முதல் இடத்திலோ இரண்டாம் இடத்திலோ நின்றால், அது சர்க்கரை வாங்குவதற்குச் சமம். நீங்களும் திருப்பிப் பாருங்கள்.

நாத்தனாரின் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்தபின்தான் கேழ்வரகு தொடங்கினோம். தாய்ப்பால் தொடர்ந்தது. ஒரு வயதுவரை உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் சேர்க்கவில்லை. தேன் கூடவே கூடாது. கைக்குழந்தைக்கு வயிறு சிறியது. கெட்டியாகக் கொடுத்தால் விழுங்க முடியாது, நீர்க்கக் கொடுத்தால் தண்ணீரிலேயே வயிறு நிறைந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு முளைகட்டிய மாவில் அருமையான தீர்வு இருக்கிறது. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி அதில் உருவாகிறது. அது மாவுச்சத்தை உடைத்துச் சிறு சர்க்கரைகளாக மாற்றும். வறுத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். வறுக்காமல் எடுத்து வைத்த ஒரு கை தானியம் இதற்குத்தான். அதை மிக்சியில் பொடித்துத் தனிச் சீசாவில் வைத்திருப்பேன்.

சாதாரண மாவில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, வறுக்காத முளைமாவு அரைக் கரண்டியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், சில நிமிடங்களில் கரண்டியை உயர்த்தும்போது கூழாக நின்றது நூலாக வழியத் தொடங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே அப்படி நெகிழ்ந்து வருவதை முதலில் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். அதை மறுபடி ஒரு கொதி விட்டு, ஆற்றி ஊட்டுகிறோம். மறுகொதி அவசியம், பச்சை மாவில் கிருமிகள் இருக்கலாம். கஞ்சி நீர்க்க இருக்கும், மாவின் அளவோ குறைந்திருக்காது. கேழ்வரகு தொடங்கும் முதல் சில நாட்கள் வேறு எந்தப் புது உணவையும் சேர்க்காமல் இருந்தால், ஒத்துக்கொள்கிறதா என்று தெளிவாகத் தெரியும்.

குழந்தைக்கு வரமாக இருக்கும் இதே முளைக்கஞ்சி என் கணவருக்கு ஆகாது. மாவுச்சத்து ஏற்கெனவே பாதி உடைந்து, நன்றாக வெந்து, நீராக வயிற்றுக்குள் இறங்கினால் இரத்தச் சர்க்கரை வேகமாக ஏறும். சர்க்கரை இல்லாமல் உப்புப் போட்டுக் குடித்தாலும் இதுதான். சிறுதானியம் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று எங்கள் தெருவில் பலர் காலையில் செம்பு செம்பாகக் கஞ்சி குடிக்கிறார்கள். மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று வருந்துகிறார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒருநாள் கஞ்சி, இன்னொரு நாள் அதே அளவு மாவில் கீரை போட்ட அடை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. அதன்பிறகு அவருக்கு முளைகட்டாத மாவில் அடை, அதுவும் இரண்டோடு நிறுத்தம்.

அடைக்கு மாவைப் பிசைவதுதான் சூட்சுமம். கோதுமையில் உள்ள இழுவை கேழ்வரகில் இல்லை, பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். நன்கு சூடான தண்ணீரைத் தெளித்துக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் சேர்ந்து வரும். ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. கீரையை மாவுக்குச் சமமாகப் போடத் தயங்க வேண்டாம். வாழை இலையில் எண்ணெய் தடவித் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடியதும் உரித்து எடுத்தால் அடை உடையாமல் விழும். மூடி போட்டு இரண்டு பக்கமும் வேகவிட வேண்டும். கூடவே எலுமிச்சை பிழிந்த வெங்காயமோ நெல்லிக்காய்த் துவையலோ வைப்பேன்; வைட்டமின் சி சேர்ந்தால் கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும். அடையோடு டீ குடிக்கும் பழக்கம் எங்கள் பக்கம் அதிகம். டீ அந்த இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

கூழ் என் மாமியாரின் இராஜ்ஜியம். முதல் நாள் இரவே மாவைத் தண்ணீரில் கரைத்து மண்சட்டியில் புளிக்க வைப்பார். மறுநாள் பச்சரிசி நொய்யை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் களியாகக் கிளறுவார். வெந்ததா என்று பார்க்கக் கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. நான் அவசரப்பட்டு அடுப்பை அணைக்கப் போனால், "இரும்மா, இன்னும் ஒட்டுகிறது" என்பார். ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போட்டுவிட்டால் அடுத்த நாள் காலையில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். கடித்துக்கொள்ள வெங்காயம், மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல். ஆடியில் மாரியம்மன் கோயிலில் வார்க்கும் கூழும் இந்தப் பக்குவம்தான். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நீரும் உப்பும் மாவும் ஒரே சொம்பில் கிடைக்கிறது. பற்கள் குறைந்த மாமியாருக்கும் இதுதான் சௌகரியமான உணவு. கோடையில் இரண்டாம் நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

மாலையில் பள்ளி விட்டு வரும் மகனுக்குச் சிமிலி உருண்டை. இதற்கு மாவில் சிட்டிகை உப்புப் போட்டுக் கனமான அடையாக எண்ணெய் இல்லாமல் சுட்டு, சூடு குறையுமுன் பிய்த்து மிக்சியில் உதிர்த்துக்கொள்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, வறுத்த எள், பொடித்த வெல்லம், ஏலக்காய் சேர்த்து இன்னும் இரண்டு சுற்று சுற்றினால் கடலையின் எண்ணெய் கசிந்து, நெய் இல்லாமலே உருட்ட வரும். அடை நன்றாக வெந்திருக்க வேண்டும்; அது ஒன்றைத்தான் இதில் கவனிக்க வேண்டும். கேழ்வரகில் குறையும் புரதத்தைக் கடலை ஈடுகட்டுகிறது, எள் தன் பங்குக்குக் கால்சியம் தருகிறது. இனிப்புப் பண்டங்களில் இதற்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

அதனால் விடுதிக்குப் போகும் மகளுக்கு உருண்டை கட்டிக் கொடுப்பதில்லை. கேழ்வரகு மாவு இரண்டு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, பொட்டுக்கடலை மாவு அரைப் பங்கு, எள், ஓமம், கொஞ்சம் காய்ச்சிய எண்ணெய் சேர்த்துப் பிசைந்து முறுக்குப் பிழிகிறேன். கேழ்வரகு கறுத்த நிறம் என்பதால் வெந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, எண்ணெயில் சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். நன்றாக ஆறவிட்டு டப்பாவில் அடைத்தால் அவள் அடுத்த முறை ஊருக்கு வரும்வரை மொறுமொறுப்பு போகாது. பொரித்த பண்டம்தானே, அளவாகச் சாப்பிடு என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். கூடவே வறுத்து அரைத்த முளைமாவு ஒரு சீசா. விடுதியில் மின்சாரக் கெட்டில் மட்டும்தான் அனுமதி. கெட்டிலில் மாவைப் போட்டால் அடிபிடித்துக் கெட்டில் வீணாகிவிடும். வெந்நீரை ஊற்றிக் கலக்கிக் குடிப்பதும் சரிவராது, மாவு வேகாது. ஆகவே காலையில் விடுதிச் சமையலறையில் அடுப்பு காலியாக இருக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, சிறு பாத்திரத்தில் ஏழு நிமிடம் காய்ச்சிக் கொள்கிறாள். அங்கே சமைக்கும் அக்கா இப்போது அவளோடு சேர்த்து இன்னும் சில பிள்ளைகளுக்கும் காய்ச்சிக் கொடுக்கிறாராம். அடுத்த மாதம் இரண்டு சீசாவாக அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.